2010 கொரோலாவை வின்ரருக்குத் தயார்படுத்துவது: கராஜில் நீங்களே செய்யக்கூடியதும், தொடவே கூடாததும்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2010 கொரோலா, 230,000 கிலோமீற்றர் ஓடியது. வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ். விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு வெளிக்கிட வேண்டும். கார் ஸ்ராட் ஆகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். கேட்டது மூன்று விஷயம். வின்ரருக்கு முன்னம் எந்த வேலைகளை நீங்களே கராஜில் செய்யலாம்? கராஜுக்கு ஹீற்றர் போட்டு காரை உள்ளே விட்டால் நல்லதா? இந்தப் பழைய காருக்கு இனியும் காசு செலவழிப்பது புத்தியா?

நான் இந்த ஊரில் கார் திருத்துகிற வேலையில் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். குளிர் ஒருநாள் காலையில் காரை நிறுத்தும், அவ்வளவுதான். காரையே கொண்டுபோவது றோட்டில் கொட்டுகிற உப்பு. உங்கள் காரில் இருப்பது 1.8 லீற்றர் எஞ்சின், ரைமிங் பெல்ற் இல்லை, செயின். ஒயில் ஒழுங்காக மாற்றினால் இன்னும் கனக்க ஓடும். ஒன்ராறியோவில் பழைய கொரோலாக்கள் உடைக்கிற இடத்துக்குப் போகும்போது பெரும்பாலும் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும்; அடிப்பாகம் கறள் பிடித்துக் கொட்டுண்டிருக்கும். இன்னொரு விஷயம்: இந்த மாகாணத்தில் தனியார் காருக்கு வருடாந்தப் பரிசோதனை கிடையாது. கைமாறும்போது எடுக்கிற ‘சேப்ரி’ பத்திரம் ஒன்றுதான், அதுவும் 36 நாளுக்குத்தான் செல்லுபடியாகும். அதற்குப் பிறகு உங்கள் காரின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்க்கச் சட்டப்படி ஒருவரும் இல்லை. நீங்கள் பார்த்தால்தான் உண்டு.

ஆகவே உப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஒக்ரோபரில், மழையில்லாத ஒரு நாளில், முதல் உப்பு விழுவதற்கு முன்னம், காரின் அடிக்கு ஒயில் அடித்துவிடுங்கள். க்ரௌன், ரஸ்ற் செக் போன்ற இடங்களில் காசு கொடுத்து அடிப்பிக்கலாம். நீங்களே அடிக்க விரும்பினால் புளூயிட் பிலிம் மாதிரி கம்பளிக் கொழுப்பில் செய்த ஸ்பிறே கான்களில் கிடைக்கிறது. எதுவானாலும் ஒட்டி ஒட்டி நிற்கிற, வழிந்து மூலை முடுக்கெல்லாம் போகிற எண்ணெய்ச் சாமானாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். தார் மாதிரிக் கறுப்பாக, காய்ந்து இறுகிப்போகிற பூச்சு ஒன்று இருக்கிறது. புதுக் காருக்கு அது பரவாயில்லை. ஏற்கெனவே கறள் தொடங்கிய காருக்கு அதைப் பூசினால் எங்கேயாவது ஒரு வெடிப்பு விடும், அதற்குள்ளால் உப்புத்தண்ணீர் போய் உள்ளேயே நிற்கும். வெளியே பார்த்தால் வடிவாக இருக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும். உங்கள் வயதுக் காருக்கு அதைப் பூசவே பூசாதீர்கள்.

நீங்களே அடிக்கும்போது முக்கியமான இடங்கள் எவை? கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி போன்ற பாகம், அதை இங்கே ‘றொக்கர்’ என்பார்கள். அதற்குள்ளே. சில்லுகளுக்கு மேலுள்ள வளைவின் உள்விளிம்பு. பின் அச்சு. பிறேக் குழாய்களும் பெற்றோல் குழாய்களும் ஓடுகிற வழி. ஜக் வைக்கிற விளிம்பு. அடிக்கக்கூடாத இடங்களும் உண்டு: பிறேக் டிஸ்க், ட்றம், சைலன்சர் குழாய், எஞ்சின் பெல்ற். இவற்றை பேப்பராலோ பொலித்தீனாலோ மூடிவிட்டு அடியுங்கள். அடித்த பிறகு இரண்டு மூன்று நாள் சொட்டும். பழைய கார்ட்போர்டை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்.

அடிக்க முதல் ஒரு சின்ன வேலை, காசே செலவில்லை, ஆனால் பலர் செய்வதில்லை. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும், றொக்கரின் அடியிலும் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். கதவைத் திறந்து, குந்தியிருந்து, விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். அவை இலைத்தூளாலும் மண்ணாலும் அடைபட்டிருக்கும். ஒரு பிளாஸ்ரிக் கேபிள் ரையை உள்ளே விட்டு ஆட்டினால் கறுத்தத் தண்ணீர் ஒழுகும். அந்தத் தண்ணீர் எத்தனை மாதமாக உள்ளே நின்றதோ தெரியாது. கதவின் அடி ஓட்டையாகிப் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கராஜைச் சூடாக்கி காரை உள்ளே விடலாமா? ஸ்ராட் ஆவதற்கு நல்லது, தகட்டுக்குக் கெட்டது. கறள் ஒரு இரசாயன வேலை. சூடு கூடினால் கெதியாக நடக்கும். உப்பும் தண்ணீரும் சேர்ந்த கலவை -21 பாகை வரை உறையாமல் திரவமாகவே நிற்கக்கூடியது. வெளியே நிற்கிற காரில் அந்தக் கலவை மந்தமாகவே வேலை செய்யும். சூடான கராஜுக்குள் கொண்டுவந்து விட்டால், சில்லு வளைவுகளில் ஒட்டியிருக்கிற பனிச்சகதி உருகி, ஒவ்வொரு பொருத்துக்குள்ளும் இறங்கி, இரவு முழுக்க இளஞ்சூட்டில் ஊறும். விடிய நீங்கள் எடுத்துக்கொண்டு போய்ப் புது உப்பைச் சேர்ப்பீர்கள்.

அதற்காக வெளியே விடுங்கள் என்று சொல்லவில்லை. ஹீற்றர் போடாத கராஜ் நல்லது. காற்று அடிக்காது, கண்ணாடி சுரண்டத் தேவையில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் வெளியைவிடச் சில பாகையாவது சூடாகத்தான் இருக்கும், பற்றரிக்கு அதுவே காணும். ஹீற்றரை நீங்கள் வேலை செய்கிற மணித்தியாலங்களுக்கு மட்டும் போடுங்கள். உருகி நிலத்தில் நிற்கிற உப்புத்தண்ணீரை றப்பர் வழிப்பானால் வெளியே தள்ளிவிடுங்கள். அது சீமெந்தையும் அரிக்கும். பகலில் பூச்சியத்துக்கு மேலே ஏறுகிற நாள் பார்த்து, அடிப்பக்கமும் கழுவுகிற இடத்தில் காரைக் கழுவி, கதவு றப்பர்களைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கொண்டுவந்து விடுங்கள்.

ஹீற்றர் என்றவுடன் ஒரு கணக்கு. 1500 வாற்ஸ் மின் ஹீற்றர் 120 வோல்ற்றில் பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். கராஜ் சுவர்ப் பிளக் வழக்கமாக 15 அம்பியர். எங்கள் ஆட்களின் கராஜில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: மீனும் ஆட்டிறைச்சியும் நிரம்பிய இரண்டாவது பிறீசர். இரண்டும் ஒரே லைனில் இருந்தால் பிறேக்கர் விழும், நீங்கள் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள், இரண்டு நாள் கழித்து மணம் வந்து சொல்லும். முதலில் எது எந்த லைன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே கராஜில் பொரிக்கிற அடுப்பும் இருக்குமே. அதுதான் எனக்குப் பெரிய பயம். பிறேக் கழுவுகிற ஸ்பிறே, கறள் ஒயில் ஸ்பிறே, பெற்றோல் ஆவி எல்லாம் தீப்பிடிப்பவை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, நிலத்தோடு படர்ந்து போகும், தூரத்தில் இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். கார் வேலை செய்கிற அன்று அங்கே சமையல் இல்லை என்று வீட்டில் முதலே கதைத்து முடிவெடுங்கள்.

அடுத்தது காபன் மொனொக்சைட். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே காரை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின்தான் அந்த வாயுவைக் கூடுதலாகத் தள்ளும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, வீட்டுக் கதவு இடுக்கால் உள்ளே போகும். ஒன்ராறியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் வைக்க வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கிறதா, பற்றரி போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். றிமோட் ஸ்ராட்டர் பூட்டியிருந்தால் கார் கராஜுக்குள் நிற்கிறபோது அந்தத் திறப்பைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி பற்றரிக்கு வருவோம். உங்கள் ஐந்து மணிப் பிரச்சினை இதில்தான் இருக்கிறது.

பற்றரியைக் கொல்வது கோடைச் சூடு, செத்துப்போனதை அறிவிப்பதுதான் குளிர். ஜூலையில் பாதி பலம் போன பற்றரியும் காரை ஸ்ராட் பண்ணும், ஏனென்றால் அப்போது ஒயில் இளகியிருக்கும், எஞ்சின் லேசாகச் சுற்றும். -20 பாகையில் பற்றரியின் பலம் பாதிக்குமேல் குறைந்துவிடும், அதே நேரம் ஒயில் தடித்து எஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்கிற இடத்தில்தான் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது.

இருபது டொலருக்குள் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள். கராஜ் வேலைக்கு வாங்குகிற முதல் கருவி அதுவாக இருக்கட்டும். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, விடிய, கதவைத் திறந்து லைற் எதுவும் எரியவிடாமல், பற்றரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் பற்றரியில் பிழையில்லை, ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்ரர்நேற்றரையோ வயரையோ பாருங்கள்.

அடுத்த சோதனையை மெக்கானிக்மார் கூட அவசரத்தில் விட்டுவிடுவார்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈய முளையின் நடுவில் குத்துங்கள், மற்றதை அந்த முளையைக் கவ்விப் பிடித்திருக்கிற கிளாம்பில் வையுங்கள். ஒருவரைக் காரை ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். முளையும் கிளாம்பும் ஒன்றோடொன்று ஒட்டித்தானே இருக்கின்றன, ஆகவே பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். அரை வோல்ற் காட்டினால் அந்த இடுக்கில் பூஞ்சணம் மாதிரி வெள்ளையோ பச்சையோ படிந்து மின்சாரத்தை மறிக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பற்றரி வாங்கி, அதே அழுக்குக் கிளாம்பைப் பூட்டி, ‘புதுப் பற்றரியும் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று போதும். கழற்றும்போது கறுப்பு முதல், பூட்டும்போது கறுப்பு கடைசி. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும். துடைத்து, கம்பி பிறஷால் ஈயம் பளிச்சென்று வருமட்டும் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள். கறுப்பு வயர் காரின் உடலோடும் எஞ்சினோடும் சேர்கிற இடங்களையும் பாருங்கள். கறள் அங்கேயும் வரும்.

பற்றரிக்கு நான்கைந்து வயது ஆகிவிட்டது, சோதனையில் தளர்வு தெரிகிறது என்றால் நவம்பரில் மாற்றிவிடுங்கள், ஜனவரி மட்டும் இழுக்காதீர்கள். வாங்கும்போது மேலே சிசிஏ என்று ஒரு இலக்கம் இருக்கும். -18 பாகையில், 30 செக்கனுக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காமல் எத்தனை அம்பியர் கொடுக்கும் என்பதுதான் அது. உங்கள் காருக்குப் பொருந்துகிற அளவில் அந்த இலக்கம் கூடியதை எடுங்கள்.

வீட்டிலிருந்து வேலைக்குப் பத்து நிமிட ஓட்டம்தான் என்றால் இன்னொன்று. ஹீற்றர் காற்றாடி, பின்கண்ணாடிச் சூடு, லைற் எல்லாம் எரிய, அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்ராட் பண்ண எடுத்த மின்சாரம் திரும்பிச் சேராது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறும். கராஜ் இருப்பதன் முழுப் பயனும் இங்கேதான்: தானாக நிற்கிற சின்ன சார்ஜர் ஒன்றை வாங்கி, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இரவில் மாட்டிவிடுங்கள். முற்றாக இறங்கிய பற்றரி -10 பாகை அளவிலேயே உறைந்துவிடக்கூடும். நிரம்பியது இந்த ஊர்க் குளிருக்கு உறையாது. உறைந்து வயிறு ஊதிய பற்றரியை ஜம்ப் பண்ணவோ சார்ஜ் பண்ணவோ கூடாது, வெடிக்கும்.

சிலர் ‘புளொக் ஹீற்றர் போடு’ என்பார்கள். வட டகோற்றாவில் அன்ட்றூ பிறீமன் என்பவர் 1949இல் காப்புரிமை எடுத்த சாமான் அது. எஞ்சினைப் பிளக்கில் மாட்டிச் சூடாக வைத்திருக்கும். வினிபெக்கில் இருந்தால் கட்டாயம். ஸ்காபரோவில், அதுவும் கராஜுக்குள் நிற்கிற, பெற்றோல் ஊசி முறையில் ஓடுகிற காருக்குத் தேவையில்லை. சரியான ஒயில் போட்டால் காணும். உங்கள் காருக்கு 0W-20. அந்த 0W தான் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்வது. ‘பழைய எஞ்சின்தானே, தடித்த ஒயில் போடுங்கோ’ என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒயில் மாற்றுவது கராஜில் தாராளமாகச் செய்யலாம். பில்ரரோடு சேர்த்து 4.2 லீற்றர் பிடிக்கும். வடிக்கிற போல்ற்றுக்கு 14 மில்லிமீற்றர் சொக்கற், ஒவ்வொரு தடவையும் புது வாஷர். உங்கள் காரில் பில்ரர் ஒரு கூட்டுக்குள் கடதாசி உருளையாக இருக்கும். அந்தக் கூட்டைக் கழற்ற அதற்கென்றே ஒரு மூடித் திறப்பு வாங்க வேண்டும். வேறு எதையாவது வைத்துத் திருகினால் கூடு வெடிக்கும். பழைய ஒயிலை நகரசபையின் ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள், வடிகானில் ஊற்றுவது குற்றம். வின்ரரில் ஒயில் மூடியைத் திறந்தால் உட்பக்கத்தில் மோர் மாதிரி வெள்ளைப் படை இருக்கும். பயப்படாதீர்கள். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் வடிவாகச் சூடாகாமல் ஈரம் படிந்ததுதான் அது. எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ற் திரவத்தின் மட்டம் குறையாமல் இருந்தால் ஹெட் காஸ்கற் போய்விட்டது என்று எவராவது சொல்வதை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். ஒரு நாள் 401 நெடுஞ்சாலையில் நீளமாக ஓடிவிட்டு வந்து பாருங்கள், படை இருக்காது.

கூலன்ற் என்றவுடன்: கிளைக்கோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் -37 பாகை வரை தாங்கும். தனிக் கிளைக்கோல் நல்லது என்று நினைத்து ஊற்றாதீர்கள், அது -13 அளவிலேயே உறையும். ரொயோட்டாவுக்கு இளஞ்சிவப்பு, ஏற்கெனவே கலந்தே வருகிறது, அதையே ஊற்றுங்கள். இந்த எஞ்சினில் வோட்டர் பம்ப் ஒழுகுவது பழக்கமான வருத்தம். எஞ்சினின் பெல்ற் இருக்கிற பக்கத்தில் ரோர்ச் அடித்துப் பார்த்தால், ஒழுகிக் காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு தெரியும். தெரிந்தால் நவம்பருக்கு முன்னம் மாற்றுங்கள். கூலன்ற் இனிக்கும், பிள்ளைகளும் நாய் பூனையும் நக்கினால் உயிருக்கு ஆபத்து. சிந்தினால் உடனே கழுவுங்கள்.

காரின் ஹீற்றர் வெந்நீர் மாதிரிச் சூடு தரவில்லை, எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசியும் பாதிக்கு வரவில்லை என்றால், கூலன்ற்றின் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிவிட்டது. மலிவான சாமான். கண்ணாடி உள்ளே புகாரடிக்கிறது என்றால் முதலில் காற்றுச் சுற்றுகிற பொத்தானை வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள், ஏசியைப் போடுங்கள். ஆம், வின்ரரில் ஏசி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பிறகும் போகாவிட்டால் குளோவ் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற கபின் பில்ரரை இழுத்துப் பாருங்கள். இலையும் தூசியும் அடைத்து ஒரு பழைய கம்பளி போல வந்தால் அதுதான் காரணம். கருவியே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்; இதற்குக் கடைகளில் கேட்கிற காசு எனக்கு எப்போதும் வெட்கமாக இருக்கும்.

கண்ணாடி கழுவுகிற தண்ணீர் -40 போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோடைத் தண்ணீர் தாங்கியில் மிச்சமிருந்தால் அடித்து முடித்துவிட்டு ஊற்றுங்கள்.

இனி ரயர். ஒன்ராறியோவில் ஸ்நோ ரயர் கட்டாயமில்லை. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் போடுங்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். பனியே இல்லாத காய்ந்த றோட்டிலும் பிறேக் பிடிக்கும் தூரம் கூடும். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட சின்னம் இருக்க வேண்டும். ஸ்நோ ரயர் போட்டால் காப்புறுதியில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் இந்த மாகாணத்தில் விதி இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

வெறும் ரயர் வாங்காமல் இரும்பு றிம்மோடு வாங்குங்கள். 15 அங்குலம், 195/65. அப்போது வருடத்துக்கு இரண்டு தடவை நீங்களே மாற்றலாம், கடைக்குக் கொடுக்கிற காசில் சில வருடத்தில் றிம்மின் விலை வந்துவிடும். பாவித்தது வாங்கினால் பக்கவாட்டில் டொட் என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் கிழமையில் செய்தது. கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயது ரயர் வேண்டாம். வயது குறைந்ததில் ஐந்து மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும்.

மாற்றுகிற விதம்: கார் நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள், 21 மில்லிமீற்றர் சொக்கற். தூக்க முதல் எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தூக்கியதும் ஜக் ஸ்ராண்ட் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒரு கை கூட காருக்குக் கீழே போகக்கூடாது. ஜக் மெதுவாக இறங்காது, ஒரேயடியாக விழும். நட்டெல்லாம் கழன்றும் சில்லு வரமாட்டேன் என்று நிற்கும், ஏனென்றால் றிம்மும் அச்சும் கறளால் ஒட்டியிருக்கும். சுத்தியலைத் தேடாதீர்கள். இரண்டு நட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் திருப்பிப் பூட்டிவிட்டு, ரயரின் பக்கவாட்டில் உள்ளங்காலால் ஓங்கி உதையுங்கள், பிறகு எதிர்ப்பக்கம். படார் என்று விடும், நட்டு இருப்பதால் மேலே விழாது. அச்சின் முகத்தைக் கம்பி பிறஷால் தேய்த்து, ஒட்டாமலிருக்கிற கிறீஸை மெல்லிய படையாகப் பூசுங்கள். போல்ற்றின் மரையில் பூசாதீர்கள், இறுக்கம் பிழைக்கும். நட்சத்திர வடிவில் மாறி மாறி இறுக்கி, இறக்கிய பிறகு ரோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றர், அதாவது 76 பவுண்ட் அடி. நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு இன்னொருக்கால் இறுக்குங்கள். காற்றை வெளிக்குளிரில் பாருங்கள். ஆறு பாகை குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ அளவு இறங்கும், சூடான கராஜில் சரியாக அடித்தது வெளியே போனதும் குறைந்துவிடும்.

சில்லு கழன்றிருக்கும்போது முன் பிறேக்கின் வழுக்கு முளைகளை இழுத்துப் பாருங்கள். கையால் தள்ள உள்ளே வெளியே போய்வர வேண்டும். உப்புக்கு அவை இறுகினால் ஒரு பாட் மட்டும் தேய்ந்து, கார் ஒரு பக்கம் இழுக்கும். கழற்றி, துடைத்து, பிறேக்குக்கென்றே விற்கிற சிலிக்கோன் கிறீஸ் பூசிப் போடலாம். சைலன்சரின் வெப்பத் தகடு கறளில் கழன்று கிலுகிலுக்கிறதா? பெரிய கறளற்ற உருக்குக் கிளாம்பைச் சுற்றி இறுக்கிவிடுங்கள், அதற்காகப் புதுச் சைலன்சர் தேவையில்லை.

காலையில் எவ்வளவு நேரம் சூடாக்குவது? வெளியே எடுத்து, கண்ணாடி துடைக்கிற நேரம் காணும். அரை நிமிடம், ஒரு நிமிடம். பிறகு முதல் சில கிலோமீற்றர் ஆறுதலாக ஓடுங்கள். நின்ற இடத்தில் ஓடுவதைவிட ஓட்டத்தில்தான் எஞ்சின் கெதியாகச் சூடாகும். ரொறன்ரோவில் மணித்தியாலத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடுவது நகரச் சட்டப்படியும் பிழை.

தொடக்கூடாதவை: பிறேக் குழாய், பெற்றோல் குழாய், எயர்பாக், சஸ்பென்ஷன் சுருள். குழாய்களைப் பார்ப்பது உங்கள் வேலை, மாற்றுவது அல்ல. விரல் நகத்தால் சுரண்டினால் மேற்தூள் மட்டும் போனால் ஒயில் அடித்துவிடுங்கள். செதில் செதிலாக எழும்பியிருந்தால், அல்லது எங்கேயாவது ஈரம் தெரிந்தால், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். செம்பு நிக்கல் கலந்த குழாய் போடச் சொல்லுங்கள், அது கறளாது. பிறேக் மிதி ஒருநாள் வழக்கத்தைவிடக் கீழே போனால் ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கடைசிக் கேள்வி, காசு போடுவது புத்தியா என்பது. 230,000 என்ற இலக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு தட்டையான ஸ்குறூட்றைவரை எடுத்து, அதன் பிடிப்பக்கத்தால் றொக்கரை நீளத்துக்கும் தட்டிக்கொண்டு போங்கள், பின் அச்சு உடலோடு சேர்கிற இடத்தையும், ஜக் வைக்கிற விளிம்பையும். ‘ணங்’ என்றால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்றால் திருப்பி நுனியால் குத்துங்கள். மேற்தகட்டில், சில்லு வளைவில் ஓட்டை என்றால் அது வடிவுக் குறைதான், ஓடலாம். றொக்கருக்குள் நுனி இறங்கினால், அல்லது ஜக் வைத்ததும் விளிம்பு நசிந்து மேலே போனால், அந்தக் கார் விபத்தில் உங்களைக் காக்காது, சேப்ரியும் எடுக்காது. அப்படியென்றால் அதற்கு இனி ஒயிலும் பற்றரியும் தவிர எதுவும் போடாதீர்கள், வசந்தத்துக்கு முன்னம் வேறு கார் தேடத் தொடங்குங்கள்.

அப்படி நேர்ந்தாலும் ஸ்நோ ரயரை மட்டும் காரோடு சேர்த்து விற்காதீர்கள். 2003 முதல் 2018 வரையான 1.8 லீற்றர் கொரோலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஐந்து போல்ற், அவை நிற்கிற வட்டம் 100 மில்லிமீற்றர்தான். போல்ற் வட்டத்தையும் ரயர் சைஸையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் அடுத்த காரிலும் பூட்டிவிடலாம்.